கார் நடுவழியில் நின்றால்: சாலையோர உதவித் திட்டம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புனித வெள்ளியன்று டர்பன் அருகேயுள்ள மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வருவதற்காக ஜோகன்னஸ்பர்க், லெனேசியா, பிரிட்டோரியா பக்கத்திலிருந்து நம்மவர்கள் குடும்பத்தோடு காரில் கிளம்பி, என்3 நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 570 கிலோமீட்டர் ஓட்டி வருவது வழக்கம். கார் பழையதாக இருக்கும், பின்னால் பிள்ளைகளும் பெரியவர்களும் இருப்பார்கள், டிக்கியில் பூசைச் சாமான்கள் நிறைந்திருக்கும். அந்தப் பயணத்தில் வண்டி நின்றுவிட்டால் கைகொடுக்கும் என்று நம்பி மாதாமாதம் சிறு தொகை கட்டி வைத்திருக்கும் சாலையோர உதவித் திட்டம், அழைத்த பிறகுதான் தன் அளவைக் காட்டுகிறது. அப்போது அளவை மாற்ற வழியில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவும் அத்தானும் பெரிய வியாழன் இரவு அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். ஹாரிஸ்மித்தைத் தாண்டி வான் ரீனன் கணவாயை நெருங்கும்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் ஓரத்திலிருந்து கூலன்ட்டின் இனிப்பு வாடையோடு வெள்ளை ஆவி கிளம்பியது. வாட்டர் பம்ப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அத்தானிடம் உதவித் திட்டம் இருந்தது. அழைத்ததும் இழுவை வண்டியும் வந்தது. ஆனால் வண்டியை 'அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட வொர்க்‌ஷாப்' வரைதான் இழுப்பார்கள் என்பது ஒப்பந்தத்தின் விதி. அந்த வொர்க்‌ஷாப் ஹாரிஸ்மித்தில், பூட்டிக் கிடந்தது. புனித வெள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்கட்கிழமை குடும்ப தினம் எல்லாம் கழிந்து செவ்வாய்க்கிழமைதான் அது திறந்தது; அதுவரை முற்றத்தில் நின்றதற்கு நாள் கணக்கில் வாடகை கேட்டார்கள். இழுவை வண்டியின் முன்பக்கத்தில் ஓட்டுநரைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இடம். காரில் இருந்தவர்கள் ஐந்து பேர். நள்ளிரவில் நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பிப் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கோயிலில் முதல் பூசை முடிந்திருந்தது.

இதில் நிறுவனம் சொன்ன சொல்லை மீறவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் செய்தார்கள். நாங்கள்தான் மாதத் தொகையைப் பார்த்தோமே தவிர, அந்தத் தொகை எத்தனை கிலோமீட்டரை வாங்கித் தருகிறது என்று பார்க்கவில்லை. நான் கண்டவரையில் முதன்மையான தவறு இதுவே. மற்றவை பலவும் இதன் கிளைகள்.

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒன்றின் விலையை மற்றொன்றின் விலையோடு வைத்துப் பார்ப்பதால் பயன் குறைவு. உங்கள் கார் ஓர் ஆண்டில் போகும் மிக நீண்ட பயணத்தை எடுத்துக்கொண்டு, அதன் நடுவில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று இரண்டு திட்டங்களிடமும் கேட்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். திட்டம் 50 கிலோமீட்டர் வரை இலவசமாக இழுக்கும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 20 ராண்ட் என்றும் வைத்துக்கொள்வோம். வான் ரீனனிலிருந்து டர்பனுக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மீதி 200 கிலோமீட்டருக்கு உங்கள் கையிலிருந்து போவது 4,000 ராண்ட். மாதம் முப்பது ராண்ட் மிச்சப்படுத்தியதாக நினைத்தவர் பதினோரு ஆண்டுகளில் மிச்சப்படுத்தியதை ஒரே இரவில் இழந்துவிடுகிறார். கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்கள் கார் நிற்கும் இடத்திலிருந்து எண்ணுவதும் உண்டு. இழுவை வண்டி தன் கொட்டகையை விட்டுக் கிளம்பிய நேரத்திலிருந்து, உங்களிடம் வந்து, வொர்க்‌ஷாப்புக்குப் போய், மறுபடி கொட்டகைக்குத் திரும்பும் வரை எண்ணுவதும் உண்டு. இரண்டாவது முறையில் '50 கிலோமீட்டர்' என்பது பல நேரங்களில் உங்கள் காரை நகர்த்துவதற்கு முன்பே தீர்ந்துவிடும். சில திட்டங்கள் கிலோமீட்டருக்குப் பதில் ராண்ட் கணக்கில் உச்சவரம்பு வைக்கின்றன. இரவிலும் விடுமுறை நாளிலும் இழுவைக் கட்டணம் கூடுவதால் அதே வரம்பு அந்த நேரங்களில் சுருங்கிப்போகும். ஆண்டுக்கு எத்தனை முறை அழைக்கலாம் என்பதற்கும் எல்லை இருக்கும்.

எங்கே இழுத்துச் செல்வார்கள் என்பதற்கும் இதே அளவு கவனம் வேண்டும். 'அருகிலுள்ள வொர்க்‌ஷாப்' என்று எழுதியிருந்தால் அந்தத் தேர்வு உங்களுடையது அன்று. 'உங்கள் விருப்பப்படியான இடம்' என்று எழுதியிருந்தால், தூர வரம்பு அதற்கும் பொருந்துமா என்று கேளுங்கள். வொர்க்‌ஷாப் மூடியிருக்கும் நேரத்தில் வண்டியை வைக்கும் வாடகை யாருடையது, திறந்ததும் அங்கிருந்து இரண்டாவது முறை இழுக்க வேண்டியிருந்தால் அதை யார் ஏற்பார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குச் செலவு வைத்தவை இவைதாம். பயணிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் கார் நின்றால் வாடகைக் காரோ ஓர் இரவு தங்கும் இடமோ தரும் திட்டங்கள் உள்ளன. டர்பனுக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது வீண் செலவு. ஆண்டுக்கு இரண்டு முறை ஜோகன்னஸ்பர்க் போய்வரும் குடும்பத்துக்கு நான் அதை வாங்கச் சொல்வேன்.

சிக்கனமாக வாங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, ஏற்கெனவே தம்மிடம் இருப்பதைத் தேடிப் பார்ப்பது. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் அதனுடன் சாலையோர உதவியும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுக் கார் என்றால் தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலத்தில் அது இருக்கலாம். வங்கிக் கணக்கோடும், 1930-ல் தொடங்கப்பட்ட தென்னாப்பிரிக்க ஆட்டோமொபைல் சங்கத்தின் உறுப்பினர் தகுதியோடும் வருவது உண்டு. ஒரே வீட்டில் அப்பாவின் காப்பீட்டில் ஒன்று, மகளின் வங்கிக் கணக்கில் ஒன்று, கடையில் கேட்டபோது மறுக்க முடியாமல் கையெழுத்திட்டது ஒன்று என்று மூன்று திட்டங்களுக்குப் பணம் போய்க்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்து, காரின் பெயரில் போகும் ஒவ்வொரு தொகையையும் பேனாவால் வட்டமிடுங்கள். அரை மணி நேர வேலை.

இதற்கு நேரெதிரான தவறும் நம்மிடையே உண்டு. இந்த நாட்டில் சொந்தக் காருக்குக் காப்பீடு எடுப்பதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. பெட்ரோல் விலையோடு வசூலாகும் வரியில் இயங்கும் சாலை விபத்து நிதியம், உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான் இழப்பீடு தரும், வண்டிக்குத் தராது. கடன் முடிந்த பழைய காருக்குக் காப்பீட்டை நிறுத்திவிட்டு, 'உதவித் திட்டம் இருக்கிறதே' என்று ஆறுதல் கொள்பவர்கள் இருக்கிறார்கள். பழுதாகி நின்ற காரை இழுப்பது வேறு, மோதி நொறுங்கிய காரை இழுப்பது வேறு. பல திட்டங்கள் முதலாவதை மட்டுமே ஏற்கும். 2022 ஏப்ரலில் டர்பனில் வெள்ளம் வந்தபோது எஞ்சினுக்குள் நீர் புகுந்து நின்ற கார்களும் அப்படித்தான்: அவை காப்பீட்டில் கோர வேண்டியவை, சாலையோர உதவியின் வரம்புக்குள் பொதுவாக வருவதில்லை.

விபத்து என்றவுடன் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மோதல் நடந்த சில நிமிடங்களிலேயே அழைக்காத இழுவை வண்டி ஒன்று வந்து நிற்பதும், அதிர்ச்சியில் இருப்பவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதும் இங்கே எல்லோரும் அறிந்ததே. அதில் கையெழுத்திட்டுவிட்டால் கார் யாரோ ஒருவருடைய முற்றத்துக்குப் போய்விடும். திரும்ப எடுக்க அவர் கேட்கும் தொகையைக் கட்ட வேண்டும். பழுதாகி நிற்கும்போதும் இதே ஆபத்து உண்டு. திட்டத்தின் எண்ணை அழைத்து அனுமதி எண் பெறாமல் நீங்களாக ஒரு வண்டியை ஏற்பாடு செய்தால், பிறகு அந்தப் பணத்தைத் திருப்பித் தர பெரும்பாலான திட்டங்கள் மறுக்கும். வருகிற வண்டி அந்த அனுமதி எண்ணைச் சொல்கிறதா என்று கேட்டு, அதன் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.

திட்டம் காருக்கா, ஆளுக்கா என்பதையும் பார்க்க வேண்டும். காரின் பதிவெண்ணோடு கட்டப்பட்ட திட்டமானால் யார் ஓட்டினாலும் செல்லும்; உறுப்பினரின் பெயரோடு கட்டப்பட்டதானால் தம்பி எடுத்துச் சென்ற அன்று செல்லாமல் போகலாம். காரின் வயதுக்கும் எடைக்கும் வரம்பு வைக்கும் திட்டங்கள் உண்டு. பேக்கியின் (திறந்த பின்பகுதியுள்ள பிக்கப் வண்டியின்) பின்னால் டிரெய்லர் மாட்டியிருந்தால் அதையும் இழுப்பார்களா, எஸ்வாத்தினி, லெசோத்தோ எல்லைக்கு அப்பால் உதவி கிடைக்குமா என்பவை தேவைப்படுபவர்கள் கேட்க வேண்டியவை. ஆட்டோமேட்டிக் காரையும் நான்கு சக்கர இயக்கமுள்ள காரையும் ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும். காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் ரோல்பேக் வண்டிதான் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சிறிய உதவிகளைப் பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். நடைமுறை அதைவிட எளியது. டயர் பஞ்சரானால் வந்து மாற்றித் தருவார்கள், ஆனால் உங்களிடம் காற்றுள்ள ஸ்பேர் டயர் இருக்க வேண்டும். ஒரே குழியில் இரண்டு டயரும் கிழிந்தால் மாற்ற ஒன்றுதான் இருக்கும். சக்கரப் பூட்டு நட்டுக்குரிய சாவி காரில் இல்லாவிட்டால் வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். இன்றே டாஷ்போர்டுப் பெட்டியிலும் ஸ்பேர் டயர்க் குழியிலும் தேடிப் பாருங்கள். பாட்டரி இறங்கினால் ஜம்ப்ஸ்டார்ட் செய்து தருவார்கள், புதுப் பாட்டரியின் விலை உங்களுடையது. பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவந்து தருவார்கள், பெட்ரோலுக்குப் பணம் வாங்குவதே பெரும்பான்மை. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் திறந்து தருவார்கள், புதுச் சாவி செய்து தரமாட்டார்கள்.

எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிய பிறகு திட்டம் வாங்குவதும் பயன் தராது. பல திட்டங்களில் காத்திருப்புக் காலம் இருக்கிறது. ஏற்கெனவே இருந்த பழுதை ஏற்பதும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாள் அவசரமாக வாங்குவதைவிட அந்தப் பணத்தில் ரேடியேட்டர் குழாய்களையும் பெல்ட்டையும் பார்க்கச் சொல்வது மேல். அத்தானின் வாட்டர் பம்ப் இரண்டு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது என்பதைக் கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த பச்சைக் கறை சொல்லியிருந்தது.

தொலைபேசியில் பேசி விற்பவரிடம் 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு விடுபட வழியில்லை என்று தொடர்ந்து கட்டுபவர்களும் பலர். காப்பீடாக அல்லாமல் சேவை ஒப்பந்தமாக விற்கப்படும் திட்டங்களுக்கு 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. நேரடி விற்பனை அழைப்பின் பேரில் வாங்கியதை ஐந்து வேலை நாள்களுக்குள் காரணம் கூறாமலே எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். குறிப்பிட்ட காலத்துக்குச் செய்த ஒப்பந்தத்தையும் 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முறித்துக்கொள்ளலாம். அதற்கு நியாயமான ஒரு தொகையை அவர்கள் கேட்கக்கூடும். அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திட்டமும் செய்ய முடியாதவை உள்ளன. 2024 செப்டம்பரில், புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு முந்திய இரவு தொடங்கிய பனிப்பொழிவில் வான் ரீனன் பகுதியில் என்3 மூடப்பட்டு, வண்டிகள் மணிக்கணக்கில் சிக்கி நின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் இழுவை வண்டியாலும் வர முடியாது. செடாரா முதல் ஹைடல்பர்க் வரையுள்ள என்3 பகுதியில் 0800 63 43 57 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் அழைக்கலாம். ரோந்து வண்டி வந்து உங்களைக் காத்து, தேவையான உதவியை வரவழைக்கும். இழுவைச் செலவு மட்டும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கும். இந்த எண்ணையும் உங்கள் திட்டத்தின் எண்ணையும் தாளில் எழுதிச் சூரியத் தடுப்பின் பின்னால் ஒட்டி வையுங்கள். செல்போனின் சார்ஜ் தீர்ந்த பிறகு பக்கத்தில் நிற்பவரின் போனில் அழைக்க அது வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தத் திட்டத்தின் உதவி எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் ஓர் ஆள் எடுக்கிறார் என்று கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, 'குடும்பத்தோடு ஐந்து பேர், வான் ரீனனில் நிற்கிறோம், நாளை விடுமுறை. காரை எங்கே கொண்டுபோவீர்கள், எங்களை யார் கொண்டுபோவார்கள், நான் எவ்வளவு தர வேண்டும்?' என்று கேளுங்கள். சொல்லும் பதிலை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். அக்கா இப்போது மூன்று நிறுவனங்களிடம் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அனுப்பியவர்கள் இருவர், அந்த இருவரில் விலை கூடியவரிடம்தான் தூர வரம்பு டர்பன் வரை எட்டியது.