கொசுத்தேனீ குடியிருக்கும் வளவில் தேனீப்பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் தேனீப்பெட்டி வைக்கத் தொடங்குபவர்கள் நிழல், தண்ணீர், எறும்பு ஆகியவற்றைப் பார்த்தே இடம் தெரிவு செய்கிறார்கள். அந்த வளவில் ஏற்கனவே குடியிருக்கும் தேனீக்களைப் பார்ப்பவர்கள் குறைவு. பழைய மண்சுவரின் வெடிப்பிலோ வேப்பமரப் பொந்திலோ பிசினும் மெழுகும் கலந்த சிறு குழாயொன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அது கொசுத்தேனீயின் வாசல். 4 மில்லிமீற்றர் அளவேயுள்ள அந்தத் தேனீ கொட்டாது என்பதால்தான் அதை எவரும் பொருட்படுத்துவதில்லை.

வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவதும் ஒரு தவறாகும். அவை பெரும்பாலும் பம்பிள்பீ எனப்படும் உரோமம் அடர்ந்த குளிர்நாட்டுத் தேனீயைக் காப்பதைப் பற்றிப் பேசுகின்றன. இலங்கையில் அது இயற்கையாக வாழ்வதில்லை. நம் முருங்கைப் பூவில் இரைந்துகொண்டு வரும் பெரிய கருவண்டை, அதாவது மரம் துளைக்கும் தேனீயை, சிலர் அதுவென்று நினைக்கிறார்கள். கருவண்டு பெருங்கூட்டமாக வாழாது. பட்ட மரத்தில் தானே துளையிட்டு, அதற்குள் முட்டையிடும்.

எல்லாத் தவறுகளிலும் பெரியது, சீனிப்பாகைத் திறந்த பாத்திரத்தில் வைப்பதாகும். இதை நானே செய்து பார்த்துத்தான் அறிந்தேன். ஒரு மார்கழி மாதம், வடகீழ்ப் பருவமழை விடாமல் பெய்து பூக்கள் எல்லாம் நனைந்து கிடந்த வேளையில், பெட்டிக்கு அருகே ஒரு தட்டில் பாகு ஊற்றி வைத்தேன். தேனீ நல்ல இரையைக் கண்டால் கூட்டுக்குத் திரும்பி ஆடும் ஆட்டத்தால் மற்றவற்றுக்கு இடத்தை அறிவித்துவிடும். ஆகவே சற்று நேரத்தில் தட்டு நிறையத் தேனீக்கள் மொய்த்தன. பாகு தீர்ந்த பிறகும் அவை கலையாமல், இனிப்பு மணம் வரும் இடங்களையெல்லாம் துழாவி, கிணற்றடிச் சுவரிலிருந்த கொசுத்தேனீ வாசலைக் கண்டுபிடித்தன. மறுநாள் காலை அந்தக் குழாயின் கீழே குனிந்து பார்த்தபோது, என் பெட்டித் தேனீக்கள் பிசினில் சிறகு ஒட்டிப் பறக்க முடியாமல் கிடந்தன. அவற்றின் கால்களை அப்போதும் கடித்துப் பிடித்தபடி இறந்திருந்த கொசுத்தேனீக்களோ எண்ணமுடியாதவை. பாகு கொடுக்க வேண்டிய தேவை வந்தால், பொழுதுபட்ட பின் பெட்டிக்குள்ளேயே, ஒரு துளியும் வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும். தேன் எடுக்கும் நாளில் வதைத் துண்டுகளை முற்றத்தில் போடுவதும் இதே கேட்டை விளைவிக்கும்.

பெட்டிகளை ஒரேயடியாகப் பெருக்குவதையும் தவிர்க்க வேண்டும். கொசுத்தேனீ தன் கூட்டிலிருந்து சில நூறு மீற்றர்களுக்குள்ளேயே இரை தேடும். பெட்டித் தேனீயோ அதைவிடத் தூரம் போகக்கூடியது. தென்னையும் மரமுந்திரிகையும் பூத்திருக்கும் காலத்தில் இரண்டுக்கும் போதும், பூ அருகிய மாரியில் போதாது. சிறு வளவுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள் போதும் என்பதும், அவற்றைக் கொசுத்தேனீக் கூட்டுக்கு எதிர் எல்லையில், வாசல் மறுபுறம் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

மருந்துக்கென்று கொசுத்தேன் எடுக்கச் சுவரை உடைப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அதன் தேன், அடுக்கான வதையில் அல்லாமல், சிறு சிறு மெழுகுச் சாடிகளில் இருக்கும். சாடிகள் உடைந்து தேன் முட்டை, புழுக்களின் மேல் வழிந்தால், எறும்பு ஏறி முழுக் கூடும் அழியும். கிடைக்கும் தேனோ மிகச் சொற்பம்.

பெட்டித் தேனீ வந்துவிட்டதால் வேறு எதுவும் தேவையில்லை என்று எண்ணி, வேலியோரப் பட்ட மரங்களை வெட்டி எரிப்பவர்கள் கத்தரித் தோட்டக்காரராக இருந்தால் இழப்பு அவர்களுக்கே. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனியில் துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரச் செய்யும் கருவண்டு அதை உதிர்க்கும், பெட்டித் தேனீயால் அவ்வாறு அதிர்விக்க இயலாது.

அம்பாறை வயற்பகுதிகளில் பூச்சிமருந்து அடிக்கும் நாளில் பெட்டியின் வாசலை அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் தவறே. பெட்டியைச் சில மணிநேரம் அடைத்து வைக்கலாம். சுவரிலும் பொந்திலும் உள்ள கூடுகளை அவ்வாறு காக்க எவருமில்லை. வரம்புப் பூக்களில் தேனீக்கள் மேயும் காலை வேளையை விட்டு, அவை கூடடைந்த பின் மாலையில் அடிக்கும்படி பக்கத்து வயற்காரரிடம் முதல் நாளே நேரில் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.