கொலுசுத் தொழிலைக் கடனில்லாமல் வளர்க்க

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை வைத்துக் கொலுசு செய்கிறேன். புதிதாக இறங்குபவர்களுக்கு முதலில் சொல்வது, வெள்ளி விலையோடு சூதாடாதீர்கள் என்பதுதான். ஒருமுறை ஆர்டர் எடுத்த அன்று வெள்ளி வாங்காமல் பத்து நாள் தள்ளிப்போட்டேன். விலை ஏறி, கூலி முழுவதும் அதிலேயே போனது. இப்போது பாதிப் பணம் முன்பணமாக வந்தால்தான் ஆர்டர். வந்த அன்றே அந்த எடைக்கு வெள்ளி வாங்கிவிடுவேன்.

பில்லில் வெள்ளி, சேதாரம், கூலி, 3% ஜிஎஸ்டி எல்லாவற்றையும் தனித்தனியாகப் போடுங்கள். கொலுசில் 925 என்ற தர எண் இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இதை வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுங்கள். நம்பி வந்தவர் அடுத்த முறை தங்கையையும் அழைத்து வருவார்.

அப்புறம், அரத்தூள், அதாவது அரத்தால் ராவும்போது உதிரும் வெள்ளித்தூள். ராவும்போது மடியில் தோல் விரித்துக்கொள்ளுங்கள். மாலையில் அந்தத் தோலைத் தட்டி, மேசை இடுக்கைத் தூரிகையால் கூட்டி, காந்தத்தால் இரும்புத்தூளை எடுத்துவிட்டு, மீதியை டப்பாவில் சேர்த்து வையுங்கள். பற்றவைத்த துண்டுகளுக்கு வேறு டப்பா. இரண்டும் கலந்தால் உருக்கும்போது தரம் இறங்கும். பழைய கொலுசையும் எடைக்கு எடுத்து உருக்குங்கள், ஆனால் தரம் பார்த்த பிறகுதான்.

டிசைன் ஆறு போதும். எது திரும்பத் திரும்ப விற்கிறதோ அதற்கு மட்டும் புது அச்சு வாங்குங்கள். இரண்டாவது ஆளைச் சேர்ப்பதும், ஆறு மாதச் சம்பளம் கையில் சேர்ந்த பிறகு.