நெப்போலியன் என்றொருவர் இருந்தாரா? மிகைச் சந்தேகத்தைப் பகடி செய்யும் முறை

சமய வரலாற்றுக்குச் சான்று கேட்பது நியாயம். எந்தச் சான்று வந்தாலும் தேறாதபடி விதியை வகுத்துக்கொண்டு கேட்பதுதான் கோளாறு. அந்தக் கோளாறை வெளிக்காட்ட ஒரு நல்ல வழி உண்டு. அந்த விதியை அப்படியே எடுத்து, எவரும் மறுக்காத ஒரு மனிதர்மேல் செலுத்திப் பாருங்கள். அவரும் காணாமல் போய்விடுவார். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ரிச்சர்ட் வேட்லி 1819-இல் பெயர் போடாமல் இப்படித்தான் நெப்போலியனைச் சந்தேகித்து எழுதினார். அப்போது நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் உயிரோடு இருந்தார்.

முதலில் எதிர்த்தரப்பின் விதியை அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். நீங்களாக ஒரு சொல்லைக் கூட்டினாலும் பகடி அங்கேயே முறிந்துவிடும். வேட்லியின் இலக்கு, இயற்கை விதியை மீறும் அற்புதங்களைச் சாட்சியம் கொண்டு நம்ப முடியாது என்று வாதிட்டு, தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1748-இல் வெளியிட்ட கட்டுரை. அதை மனத்தில் வைத்து மூன்று கேள்விகளை அவர் எடுத்துக்கொண்டார்: சாட்சிக்கு உண்மையை அறிய வழி இருந்ததா? பொய் சொல்வதில் அவருக்கு ஆதாயம் உண்டா? சாட்சிகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறார்களா?

அடுத்தது ஆள் தேர்வு. அவர் வாழ்ந்தது உறுதியாக இருக்க வேண்டும். வாழ்க்கையோ நம்பமுடியாததாக இருக்க வேண்டும். கார்சிகா தீவில் பிறந்தவர் 35 வயதில் பிரான்சின் பேரரசராக முடிசூடுகிறார். நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து தப்பி 1815 மார்ச் 1-இல் கரையிறங்குகிறார். 20-ஆம் தேதி சண்டையே இல்லாமல் பாரிசுக்குள் நுழைகிறார். கதைபோல ஒலிக்கும் இத்தகைய பகுதிகளே உங்களுக்கு உதவும். சாதுவான வாழ்க்கை உள்ளவரை எடுத்தால் வேலைக்காகாது.

பிறகு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆங்கிலேய வாசகருக்கு நெப்போலியனைத் தெரிந்தது செய்தித்தாள்கள் வழியாக. அவற்றின் ஆசிரியர்கள் அவரை நேரில் கண்டவர்களா? வியப்பான செய்தி அதிகம் விற்குமே, அது ஆதாயம் இல்லையா? இத்தாலியின் லோடி பாலத்துத் தாக்குதலை அவரே முன்நின்று நடத்தினார் என்றும், இல்லை, அவருடைய தளபதி ஓஜெரோ நடத்தினார் என்றும் இருவிதமாகச் சொல்கிறார்களே? 1815-இல் பிளிமத் துறைமுகத்தில் பலர் அவரைக் கண்ணால் பார்த்தார்களே என்று யாராவது சொன்னால், கப்பலில் தொப்பி அணிந்த ஒருவரைத்தான் பார்த்தார்கள், அவர் யாரென்பதைப் பிறர்தான் சொன்னார்கள் என்று பதில் சொல்லுங்கள். முரண்பாடு எதையும் நீங்கள் புனையக் கூடாது. உண்மையான முரண்பாடுகளே போதுமான அளவு கிடைக்கும்.

எதிர்த்தரப்பு ஒப்புமைகளை நம்புவதாக இருந்தால் முறை மாறும். டுப்புயி என்ற பிரெஞ்சு அறிஞர் 1795-இல் கிறிஸ்துவைச் சூரியன் என்றும், பன்னிரு சீடரை ராசிகள் என்றும் விளக்கினார். அழான் நகர நூலகர் பெரெஸ் 1827-இல் அதே அளவுகோலால் நெப்போலியனை அளந்தார். அவர் பெயர் சூரியக் கடவுள் அப்போலோவின் பெயரே, அவர் தாய் லெத்தீசியா, அப்போலோவின் தாய் லேட்டோ, நான்கு சகோதரர்கள் நான்கு பருவங்கள், அவர்களில் மூவர் அரசர்கள், அரசாளாத லூசியன் குளிர்காலம். கிழக்கே எகிப்தில் எழுந்து மேற்குக் கடலில் மறைந்தார். எல்லாமே கச்சிதமாகப் பொருந்துகிறது.

நெப்போலியனின் மார்ஷல்கள் எனப்படும் உயர்நிலைத் தளபதிகளில் பன்னிருவரைப் பெரெஸ் ராசிகளாக்கும் இடத்தை உன்னிப்பாகப் படியுங்கள். 1804-இல் நியமிக்கப்பட்டவர்கள் 18 பேர். கடைசிவரை எண்ணினால் 26. பன்னிரண்டு வருவதற்காக, களப்பணியில் இல்லாத நால்வரை நான்கு திசைகளாக்கி, மீதிப்பேரைக் கழித்துவிட்டார். இது இலக்கானவர்கள் செய்யும் அதே கழித்தல் என்பதால் பகடிக்குள் பொருந்துகிறது. அவர்கள் செய்யாத தில்லுமுல்லை நீங்கள் செய்தால் அது வெறும் பொய்.

குரலில் கேலி தெரியவே கூடாது. உண்மையைத் தேடித் தவிக்கும் ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். ஆச்சரியக்குறி, வசைச்சொல், கண்சிமிட்டும் தொனி மூன்றையும் நீக்குங்கள்.

கட்டாயம் வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு: நெப்போலியன் செய்தவை அரியவை, இயற்கை விதியை மீறியவை அல்ல. இது வலுவான மறுப்பு. வேட்லியின் நூலில் பலவீனமான இடமும் இதுதான். ஹியூமின் கட்டுரையிலேயே, நீர் உறையும் என்பதை நம்ப மறுத்த ஓர் இந்திய இளவரசர் வருகிறார். அவர் சரியாகவே சிந்தித்தார் என்கிறார் ஹியூம். நீர் உறைவதோ உண்மை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் பதிலை அமையுங்கள். ஆனால் எதிர்த்தரப்பின் விதி அளவுமீறியது என்பதை மட்டுமே பகடி காட்டும். சமய நூல் சொல்வது நடந்தது என்று அதை வைத்து நிறுவப் போனால், மேலே சொன்ன மூன்று கேள்விகளும் உங்கள் பக்கமே திரும்பும்.

மிக வலுவான சான்றைக் கடைசிக்கு வைத்திருங்கள். அது அசல் ஆவணமாக இருந்தால் நல்லது. நெப்போலியன் வீழ்ந்தபின் பிரான்சின் அரியணை ஏறிய பதினெட்டாம் லூயி 1814-இல் பிறப்பித்த ஆணைகளில் 'நமது ஆட்சியின் 19-ஆம் ஆண்டு' என்றே இருக்கிறது. 1795 முதலே தாம் அரசர் என்று எண்ணும் இந்தக் கணக்கில் நெப்போலியனின் ஆட்சிக்கு இடமே இல்லை. பெரெஸ் தம் வாதத்தை இத்தகைய அரசாணைகளைச் சுட்டித்தான் முடித்தார்.