பச்சிளங் குழந்தைகளின் ஊட்டம் பற்றிய ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவது, தராசைச் சரிபார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிறந்த குழந்தைகளின் வளர்சிதை மாற்றத்தை ஆராய வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். அதில் ஒன்று எனக்கு இன்றும் எரிச்சலூட்டும்.

காத்திருக்கும் ரத்தம்

அண்மையில் ஓர் இளம் ஆய்வாளர் தன் தரவைக் கொண்டுவந்து காட்டினார். இரவில் ரத்தம் எடுத்த குழந்தைகளுக்கு மட்டும் சர்க்கரை குறைவாம். ஹார்மோன்களைக் காரணம் காட்டி இரண்டு பக்கம் எழுதியும் முடித்துவிட்டார். "ரத்தம் எடுத்த நேரம் இருக்கிறது, சரி. அளந்த நேரம் எங்கே?" என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை. விசாரித்தால், இரவு எடுத்த டியூப்கள் அடுத்த ஷிஃப்ட் ஆள் வரும்வரை லேப் மேசையில் சும்மா நின்றிருக்கின்றன.

டியூபுக்குள் போன பிறகும் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் குறையும். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம் என்பதால் இன்னும் வேகமாகவே குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உண்மை அளவு டெசிலிட்டருக்கு 52 மில்லிகிராம். மணிக்கு 6 சதவீதம் போனால் இரண்டு மணி நேரத்தில் 46. சர்க்கரை குறைவு என்பதற்குப் பல ஆய்வுகள் எல்லையாக வைக்கும் 47-க்குக் கீழே வந்தாயிற்று. நன்றாக இருந்த குழந்தை உங்கள் அட்டவணையில் சர்க்கரை குறைந்த குழந்தை.

"புளோரைடு டியூப்தானே சார்" என்பார்கள், சர்க்கரை சிதையாமலிருக்கப் புளோரைடு சேர்த்த டியூபைச் சொல்லி. புளோரைடு மறிப்பது சர்க்கரைச் சிதைவின் பிற்படிகளில் ஒன்றை. முன்படிகள் ஓடிக்கொண்டே இருப்பதால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதை நம்பிப் பயனில்லை. எடுத்த உடனே ஐஸ் நீரில் வைத்து அரை மணிக்குள் அணுக்களிலிருந்து பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரித்தெடுங்கள், அல்லது வார்டிலேயே ரத்த வாயுக் கருவியில் அளந்துவிடுங்கள். இரண்டு நேரங்களையும் எழுதிவையுங்கள்.

கோபம் எதற்கென்றால், ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே 80 முதல் 100 மில்லிதான். சாம்பிள் கெட்டுப்போயிற்று, இன்னொன்று எடுங்கள் என்று அங்கே கேட்க முடியாது. அந்த இரண்டு பக்கம் போனது பெரிதல்ல. குதிகாலில் குத்திப் பிழிந்த ரத்தம் வீணாகப் போனதே!

எடை கூடும் வேகம்

1000 கிராமில் பிறந்த குழந்தை 42 நாளில் 2000 கிராம் ஆகிறது. பிறந்த எடையால் வகுத்தால் நாளுக்கு, கிலோவுக்கு 23.8 கிராம். தொடக்க, இறுதி எடைகளின் சராசரியால் வகுத்தால் 15.9. எடை நாள்தோறும் ஒரே விகிதத்தில் கூடுவதாகக் கொள்ளும் மடக்கை முறையில் 16.5. குழந்தை ஒன்றுதான்! எந்த முறை என்று சொல்லாமலே அடுத்தவர் ஆய்வோடு ஒப்பிட்டு, தங்கள் ஊட்டமுறையே சிறந்தது என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? பிறந்த எடையால் வகுப்பதை விட்டுவிடுங்கள். பிறந்த நாளிலிருந்து எண்ணினீர்களா, இழந்த எடை மீண்ட நாளிலிருந்தா என்பதையும் குறிப்பிடுங்கள்.

எழுதிய பால், உள்ளே போன பால்

கேஸ் ஷீட்டில் இருப்பது இவ்வளவு பால் கொடுங்கள் என்ற டாக்டரின் உத்தரவு. கொடுத்த அளவைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். அப்புறம், மருந்தைக் கலந்து ஏற்றும் டெக்ஸ்ட்ரோஸும் (சர்க்கரைக் கரைசல்) கலோரிதான்.

தாய்ப்பாலின் புரதம்

முதல் வாரங்களில் அதிகம், போகப்போகக் குறையும். எல்லா வாரத்துக்கும் ஒரே சராசரியைப் போடாதீர்கள்.

முதல் சில நாள் எடை இழப்பு

பெரும்பாலும் நீர். பட்டினி என்று எழுதாதீர்கள்.