கொத்து மெஷினை வாடகைக்கு எடுக்கும் முன்

நான் தொழிலுக்கு வந்தபோது தரையைக் கொத்துவதென்றால் உளியும் சுத்தியலும்தான். மாமா மேஸ்திரி, நான் சித்தாள். பழைய தரைமேல் புதுக் கலவை பிடிக்க வேண்டுமென்றால் விரல் அகலத்துக்கு ஒரு கொத்து விழ வேண்டும் என்பார். நாள் முழுக்கக் குந்தியிருந்து கொத்தினாலும் ஒரு அறை முடியாது. இன்று அந்த வேலையை ஸ்கேரிஃபையர் செய்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரி, பம்பு கம்பெனி, மில் என்று தரை வேலை எடுத்துச் செய்கிற எங்கள் ஆட்கள் அதைக் 'கொத்து மெஷின்' என்றுதான் சொல்வார்கள். சரியான பெயர். அது தேய்ப்பதில்லை, கொத்துகிறது. இதை மறந்து, தரை தேய்க்கும் கிரைண்டர் மாதிரி ஓட்டப் போனதில்தான் நான் பணம் இழந்த வேலைகள் பலவும்.

மெஷினின் அடியில் ஒரு இரும்பு டிரம். டிரம்மைச் சுற்றி நாலோ ஆறோ ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்டிலும் பல் வைத்த வட்டக் கத்திகளும் வாஷர்களும் மாற்றி மாற்றிக் கோத்திருக்கும். கத்தியின் நடு ஓட்டை ஷாஃப்டைவிடப் பெரியது, அதனால் தொளதொளவென்று ஆடும். டிரம் வேகம் பிடித்ததும் கத்திகள் வெளிப்பக்கம் வீசப்பட்டுத் தரையை அடிக்கும். அடித்த வேகத்தில் கத்தி கொஞ்சம் திரும்பி அடுத்த பல்லைக் காட்டும்.

முதல் தடவை கத்தி மாற்றியபோது இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. லொடலொட என்று சத்தம் வந்தால் ஏதோ கழன்றிருக்கிறது என்றுதானே தோன்றும்? ஷாஃப்டுக்கு இரண்டு வாஷர் கூடுதலாகப் போட்டு அடைத்துவிட்டேன். கத்திகள் திரும்ப இடமில்லாமல் ஒரே பல்லில் தேய்ந்து, மதியத்துக்குள் புது செட் குப்பைக்குப் போனது. ஷாஃப்டின் ஓரத்தில் ஒரு வாஷர் தடிமன் அளவுக்காவது இடம் விடுங்கள். கையால் தள்ளினால் எல்லாக் கத்தியும் சுற்ற வேண்டும். ஒரு ஷாஃப்ட் கத்தியில் தொடங்கினால் அடுத்தது வாஷரில் தொடங்கட்டும். இல்லாவிட்டால் எல்லாக் கத்தியும் ஒரே கோட்டில் விழுந்து, நடுவில் தொடாத வரிகள் மிஞ்சும். எதிரெதிர் ஷாஃப்டுகளில் கத்தி எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். எடை மாறினால் மெஷின் கைப்பிடியே சொல்லிவிடும், மணிக்கட்டு வரை நடுங்கும்.

மெஷின் எடுக்கும் முன் ஒரு கேள்வி: தரைமேல் என்ன வரப்போகிறது? வாடகைக் கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. கான்கிரீட் மேற்பரப்பின் சொரசொரப்பை அமெரிக்காவின் ஐ.சி.ஆர்.ஐ. (கான்கிரீட் பழுதுபார்ப்புக்கான அமைப்பு) சி.எஸ்.பி. (கான்கிரீட் சர்ஃபேஸ் புரொஃபைல்) என்று 1 முதல் 10 வரை தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் அச்சு வைத்திருக்கிறது. வைரக்கல் கிரைண்டர் தேய்த்தது 2. லேசான கொத்து மெஷின் வேலை 4, நடுத்தரம் 6, கனமானது 9. மெல்லிய எபாக்ஸி பெயின்ட் அடிப்பதற்கு 4 என்பதே அதிகம். பெயின்ட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கோ என்னவோ. கத்தியின் வரிகள் உழவு சால் மாதிரி அப்படியே மேலே தெரியும். அந்த வேலைக்கு கிரைண்டர் போதும். 6 மி.மீ., 9 மி.மீ. என்று கனமாகப் போடும் பி.யூ. (பாலியூரித்தேன்) கான்கிரீட், எபாக்ஸி ஸ்கிரீட் (கனமான தரைப் பூச்சு), பழைய கோட்டிங்கை உரிப்பது, மேடு பள்ளத்தைச் சரிசெய்வது, இதற்கெல்லாம் கொத்து மெஷின்.

குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் நாங்கள் செய்த ஒரு ஷெட்டை வைத்துச் சொல்கிறேன். பம்பு பாகங்கள் கடைசல் பிடிக்கிற இடம். பழைய எபாக்ஸி 2 மி.மீ., பாதி உரிந்து பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு 6 மி.மீ. பி.யூ. போட வேண்டும். கீழே டிரிமிக்ஸ் போட்ட தரை (ஈரக் கான்கிரீட்டின் கூடுதல் தண்ணீரை வேக்குவத்தால் உறிஞ்சி இறுக்கியது), பல வருஷத்து கட்டிங் ஆயில் குடித்தது.

முதல் நாள் மெஷினைத் தொடவே இல்லை. சுத்தியலால் தரை முழுக்கத் தட்டினோம். கணீர் என்றால் சரி, டொப்பென்று கேட்டால் உள்ளே விட்டிருக்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டோம். மெஷின் அங்கே போனால் கொத்தாது, பெயர்க்கும். அப்புறம் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையை ஒட்டி இழுத்துக்கொண்டு நடந்தோம். சிரிக்காதீர்கள். பழைய மெஷின்களைக் கழற்றும்போது அடிபோல்ட்டைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு, மேலே எபாக்ஸி பூசி மறைத்திருப்பார்கள். இதற்கு முன் ஒரு மில்லில் காந்தம் போடாமல் இறங்கி, அப்படி ஒரு போல்ட்டில் மோதி மூன்று கத்தியும் ஒரு ஷாஃப்டும் போனது. உடைந்த பல் ஒன்று ரப்பர் மறைப்புக்கு அடியில் சீறி வந்து சுவரில் தெறித்தது. அதற்கப்புறம் காந்தம் இல்லாமல் நான் இறங்குவதில்லை. கண்டுபிடித்த போல்ட்டை எல்லாம் கட்டிங் வீலால் தரைக்குக் கீழே ஓர் அங்குலம் வரை எடுத்துவிட வேண்டும். ஜாயின்ட் ஓரம் பதித்த ஆங்கிள் இரும்பையும் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள்.

எண்ணெயை முதலில் எடுக்க வேண்டும், கொத்திய பிறகு அல்ல. டிகிரீசர் (எண்ணெய் நீக்கும் திரவம்) ஊற்றி, பிரஷ் மெஷினால் தேய்த்து, தண்ணீரை ஈர வேக்குவத்தில் உறிஞ்ச வேண்டும். எண்ணெய் இருக்கும்போது கொத்தினால் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி டிரம்மில் அப்பிக்கொள்ளும். கழுவியது போதுமா என்று பார்க்க, கோட்டிங் இல்லாத இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கான்கிரீட் உறிஞ்சிக் கருத்தால் சரி. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஆழமாகக் குடித்த இடங்களை எவ்வளவு கழுவினாலும் முழுதாக மீட்க முடியாது. அங்கே வெட்டி எடுத்துப் புதுக் கான்கிரீட் போடுவதுதான் வழி என்று முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கேட்கமாட்டார்.

கத்தியைப் பற்றி. கான்கிரீட்டுக்கும் எபாக்ஸிக்கும் டங்ஸ்டன் கார்பைடு பல் வைத்த ஐந்து முனைக் கத்தி. ரோட்டுக் கோடு, ரப்பர் மாதிரி இழுபடும் கோட்டிங் என்றால் தட்டைப் பல் வைத்த மில்லிங் கத்தி. அது அடிக்காமல் சீவி எடுக்கும். வெறும் இரும்பு நட்சத்திரக் கத்தி அழுக்கும் மெல்லிய பெயின்ட்டும் எடுக்கத்தான், டிரிமிக்ஸ் தரைக்கு ஆகாது. கடையில் விலை குறைவாகக் கிடைப்பது இதுதான், கவனம்.

கட்டிடத்துக்குள் பெட்ரோல் மெஷின் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி வந்து உட்காரும்போதுதான் தெரியும். மூன்று ஃபேஸ் கரண்ட் மெஷின் எடுங்கள். வயரைச் சேர்த்ததும் டிரம்மை உயர்த்தி ஒரு நொடி மட்டும் ஓட விட்டு, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று டிரம் கவரில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட வேண்டும். மாறிச் சுற்றினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இரண்டு ஃபேஸை மாற்றச் சொல்லுங்கள். இதைப் பார்க்காமல் இறக்கினால் மெஷின் ஓட்டுகிறவரை இழுத்துக்கொண்டு போகும்.

சரி, ஓட்டுவது. டிரம் தரையில் படாமல் தூக்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, முழு வேகம் வந்த பிறகு ஆழச் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறக்குங்கள். கத்தி தரையைத் தொடும் சத்தம் கேட்ட இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து இரண்டு மில்லிமீட்டர், மிஞ்சிப்போனால் மூன்று. ஒரே ஓட்டத்தில் அதற்கு மேல் போகாதீர்கள். 6 மி.மீ. எடுக்க வேண்டுமா, மூன்று ஓட்டம். பையன்கள் அவசரத்தில் சக்கரத்தை இறக்கிவிடுவார்கள். ஆழம் கூடினால் கத்திகள் வீசி அடிக்க இடமில்லாமல் ஷாஃப்டையே அடிக்கும், டிரம் ஓட்டைகள் நீள்வட்டமாகிவிடும். வாடகைக் கடைக்காரர் அதற்குப் போடும் பில் உங்கள் லாபத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

குறிச்சியில் முதல் ஓட்டத்திலேயே பையன் கத்தினான்: "அண்ணா, மெஷின் குதிக்குதுங்ணா!" டிரிமிக்ஸ் தரையின் மேல்தோலில் ஹார்டனர் (தரையை இறுக்கும் தூள்) தூவியிருப்பார்கள், அது கல் மாதிரி. குதித்தால் ஆழத்தைக் கூட்டக் கூடாது. நடையைக் குறைக்க வேண்டும். தோல் உடைந்துவிட்டால் அடுத்த ஓட்டம் தானாக அமைதியாகும். காதில் மஃப் மாட்டியிருப்பதால் சத்தத்தைவிடக் கைப்பிடியை நம்புங்கள். சீரான அதிர்வு என்றால் கத்தி கொத்துகிறது. திடீரென்று மென்மையானால் பல் தேய்ந்துவிட்டது, அல்லது அடியில் கோட்டிங் அப்பியிருக்கிறது. எதுவானாலும் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஒவ்வொரு வரியும் முந்தைய வரிமேல் ஓர் அங்குலம் ஏறட்டும். இரண்டாவது ஓட்டம் முதலாவதுக்குக் குறுக்காக. கட்டிங் போட்ட ஜாயின்ட்களை நீளவாட்டில் தொடராமல் சாய்வாகக் கடந்தால் ஓரம் உதிராது. ஒரே ஆள் நாள் முழுக்க ஓட்டக் கூடாது. அரை மணிக்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரவில் சோறு பிசையும்போது விரல் மரத்திருக்கும்.

எங்கள் 10 அங்குல மெஷினில், உரிப்பதும் கொத்துவதும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொள்கிறோம். அதில் 3 மி.மீ. எடுத்தால் வரும் கழிவு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 670 கிலோ. சிமெண்ட் சாக்கில் பாதி பாதி நிரப்பினால் 25 சாக்குக்கு வரும். ரேட் கொடுக்கும்போது இதைத் தூக்குவதற்கும் வண்டிக்கும் காசு சேர்க்காத ஒருவரை எனக்குத் தெரியும். நான்தான்.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் புழுதி தொண்டையோடு நின்றுவிடும். தெரியாத சிலிக்காத் துகள்தான் நுரையீரலின் அடி வரை போகிறது. அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. டாக்டர் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் சட்டப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மாமா வாழ்நாள் முழுக்க மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கொத்தினார். துண்டு, கர்ச்சீப், துணி மாஸ்க் எதுவும் இந்தத் தூசியைத் தடுக்காது. மெஷினின் தூசி வாயில், நுண்துகளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள தொழில் வேக்குவத்தை மாட்டுங்கள். அதோடு ஆளுக்கு ஒரு என்95, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. எங்கள் சைட்டில் ஓட்டுகிறவர் காலையில் ஷேவ் செய்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. முணுமுணுப்பார்கள், செய்வார்கள். சாயங்காலம் துடைப்பத்தால் கூட்டுவதும், ஏர் கம்ப்ரஸரால் சட்டையை ஊதிக்கொள்வதும் கூடாது. பகல் முழுக்கப் பிடித்த தூசியை அது திரும்பக் கிளப்பிவிடும்.

சுவர் ஓரம் மெஷின் போகாமல் நாலு அங்குலம் மிஞ்சும். அதை கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) போட்ட கை கிரைண்டரால் எடுக்கலாம், கொத்து ஆழமாக வேண்டிய மூலைக்கு உளிதான். பி.யூ. போடுகிற தரை என்றால் சுவர், வாசல், வடிகால் ஓரங்களில் காடி (நீளப் பள்ளம்) வெட்ட வேண்டும். அகலமும் ஆழமும் பி.யூ. தடிமனில் இரண்டு மடங்கு, 6 மி.மீ. தரைக்கு 12-க்கு 12. சூடான தண்ணீர் பட்டுப் பட்டு ஓரம் மேலெழும்பாமல் பிடித்துக்கொள்வது இந்தக் காடிதான்.

கொத்தி முடித்த தரை சொரசொரவென்று அழகாகத் தெரியும். நம்ப வேண்டாம். கத்தி அடித்த அடியில் மேலே இருக்கிற கான்கிரீட் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கும். அதன்மேல் பூசினால் பூச்சு நன்றாகத்தான் ஒட்டும், ஆனால் பாதி உடைந்த தோலோடு ஒட்டும். அதனால் கொத்துக்குப் பிறகு ஷாட் பிளாஸ்டிங் (சிறு இரும்புக் குண்டுகளை வீசி அடிப்பது) ஒரு ஓட்டம், வசதியில்லாவிட்டால் வைரக்கல் கிரைண்டரால் லேசாக ஒரு தேய்ப்பு. சந்தேகமிருந்தால் இழுவைச் சோதனை செய்யுங்கள். 50 மி.மீ. இரும்பு வில்லையைத் தரையில் எபாக்ஸியால் ஒட்டி, சுற்றிலும் வெட்டி, கருவியால் இழுப்பது. பூச்சுக் கம்பெனிகள் பெரும்பாலும் கேட்பது சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன். எண்ணை மட்டும் பார்க்காமல் வில்லையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஜல்லியோடு கட்டியாக வந்திருந்தால் தரை பலமாக இருக்கிறது. மாவு பூசிய மெல்லிய தோல் மட்டும் வந்திருந்தால் கொத்தின காயம் இன்னும் இருக்கிறது. குறிச்சியில் மூன்று இடத்தில் இழுத்தோம், ஒன்றில் தோல்தான் வந்தது. அந்தப் பகுதி முழுக்க இன்னொரு நாள் தேய்த்தோம். அந்த நாள் கூலி என் கையிலிருந்து போனது, பரவாயில்லை.

ஈரமும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி, குறைந்தது 16 மணி நேரம், விட்டுவிடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ பிரைமரை, அதாவது முதல் அடிப்பூச்சை, திறக்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால் பிரைமர் டப்பாவை உடைக்கும் முன் செல்லோ டேப் ஒரு துண்டு கிழித்துத் தரையில் அழுத்தி எடுங்கள். டேப் வெளுத்திருந்தால் இன்னொரு முறை வேக்குவம் போட்டுவிட்டு வந்து, வேறு இடத்தில் அழுத்திப் பாருங்கள்.