காலாவதியான மாத்திரைகளை என்ன செய்வது?

அலமாரியில் இருக்கும் மருந்து டப்பாவை இன்றைக்கே கொட்டி, ஒவ்வொரு அட்டையிலும் தேதி பாருங்கள்.

தேதி முடிந்ததைப் பொதுவாகக் கழிவறையிலோ சிங்க்கிலோ கொட்டாதீர்கள், குறிப்பாக ஆன்டிபயாடிக். அது தண்ணீரில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர வழி செய்துவிடும். எரிக்கவும் வேண்டாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பொடிக்காமல், ஈரமான காபித்தூள் சக்கையோடு கலந்து (குழந்தையோ நாயோ வாயில் வைக்காமலிருக்க இதுதான் நல்ல வழி) ஒரு கவரில் இறுக்கிக் கட்டுங்கள். காலாவதி மருந்தை வீட்டு அபாயக் கழிவு என்றே 2016 திடக்கழிவு விதிகள் வகைப்படுத்தின, அதனால் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகவே கொடுங்கள். இன்சுலின் ஊசியா? கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுங்கள், அவர் கையில் குத்திவிடக் கூடாது. அப்புறம், காலி அட்டைகளை வெட்டிப் போடுங்கள்.