சுத்திகரித்துக் கடலில் விட்டால் போதுமா? நீர்த்தடக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி நகரில் குழாயைத் திறந்தால் வருவது நிலத்தடி நீர். நாம் அழுக்காக்கிய பிறகு அது வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. இப்படிப்பட்ட ஊரில் ‘எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) கட்டியாச்சு, இனிக் கவலையில்லை’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு.

நாம் எவ்வளவு நீரைச் செலவழிக்கிறோம், எவ்வளவைக் கெடுக்கிறோம் என்று பார்ப்பது நீர்த்தடம். இந்தக் கணக்கை 2002-ல் முன்வைத்தவர் நெதர்லாந்து அறிஞர் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா. நிலத்தடியிலிருந்தும் ஏரி, ஆறுகளிலிருந்தும் எடுத்து, எடுத்த இடத்துக்குத் திரும்பாமல் போகும் நீர் நீலத் தடம். நாம் விடும் அழுக்கால் நீர்நிலை கெடாதிருக்க எவ்வளவு நன்னீர் தேவையோ அது சாம்பல் தடம்.

சுத்திகரிப்பு சாம்பல் தடத்தை வெகுவாகக் குறைக்கும். 1,000 லிட்டர் சாக்கடை நீரில் பி.ஓ.டி. (கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று வையுங்கள். ஆற்றில் இயல்பாக 1 இருக்கிறது, 3 வரை போகலாம் என்றால், அந்த அழுக்கைத் தாங்க 1,25,000 லிட்டர் நீர் வேண்டும். சுத்திகரித்து 10-க்குக் கொண்டுவந்தால் 5,000 லிட்டர் போதும்.

ஆனால் நீலத் தடம்? கடலில் கலந்த நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது செலவழிந்த நீர்தான். கரையோரத்தில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, உப்புநீர் உள்ளே ஏறுகிறது. சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி, அந்த அளவுக்குப் போர் மோட்டாரை நிறுத்தினால்தான் லாபம். மோட்டார் பழையபடி ஓட, கிடைத்த நீரில் புதிதாகப் புல்தரை வளர்த்தால் நிலத்தடிக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது.

பி.ஓ.டி. ஒன்றையே பார்ப்பதும் தவறு. சாம்பல் தடத்தைத் தீர்மானிப்பது இருப்பதிலேயே மோசமான மாசு. வீட்டுக் கழிவில் அது நைட்ரஜனாக இருக்கலாம். கடலூர் சிப்காட் போன்ற ரசாயன ஆலைப் பகுதிகளில் கரைந்த உப்பும் ரசாயனங்களும் முன்னுக்கு வரும். எஸ்.டி.பி.யில் அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்த் தொட்டி உப்பை எடுக்காது. போர் தண்ணீர் கலந்து அளவைக் குறைத்துக் காட்டுவது இதைவிட மோசம். அழுக்கு அப்படியே இருக்க, நிலத்தடி நீரும் சேர்ந்து வீணாகிறது.

அடுக்குமாடி எஸ்.டி.பி.க்களில் கரண்ட் பில்லுக்குப் பயந்து, தொட்டிக்குக் காற்று ஊதும் புளோயரை இரவில் அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். காற்று அரைகுறையாகக் கிடைக்கும் தொட்டியிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு புவியைச் சூடாக்கும். காற்றுத் தொட்டி நீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரைமணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பழுப்புக் கசடு அடியில் படிந்து, மேலே தெளிந்து, மண்வாசனை வந்தால் நலம். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை.

அந்தக் கசடைக் காலி மனையில் கொட்டினால் பிரித்தெடுத்த அழுக்கு மழையோடு மறுபடி நிலத்தடிக்கே இறங்கும்.

கடைசியாக, ஐப்பசிக்கு முன் உங்கள் மொட்டைமாடிக் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடையில் இணைத்திருந்தால், அடைமழையில் நிலையம் தாங்காமல் கழிவு சுத்திகரிக்கப்படாமலே வழிந்தோடும். அதே குழாயை உறிஞ்சுகுழிக்குத் திருப்ப ஒரு பிளம்பருக்கு அதிக வேலையில்லை.